நள்ளிரவில் விற்கப்படும் அச்சம்

தமிழ்த் தொலைக்காட்சி நிறுவனங்களின் உரிமையாளர்களுக்கும் நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களுக்கு,

வணக்கம். இரவு வெகுநேரம் கழித்து உங்களில் சிலருடைய அலைவரிசைகளில் தோன்றும் 'வைத்தியர்', கைப்பழக்கத்தால் நரம்பு தளர்ந்துவிடும், உறுப்பு சிறுத்துவிடும், இந்த நிலையில் மணம் முடித்தால் மனைவி விட்டுப் போய்விடுவாள் என்று அடுக்கிக்கொண்டே போகிறார்; முடிவில், எந்தத் தேதியில் எந்த ஊர் லாட்ஜில் அவரைச் சந்திக்கலாம் என்ற பட்டியல் ஓடுகிறது. கட்டணம் பெற்றுக்கொண்டு நீங்கள் ஒதுக்கும் அந்த நேரத்தை நிறுத்தக் கோரியே இதை எழுதுகிறேன்.

மனநல ஆலோசனைத் துறையில் பணிபுரியும் என்னிடம் வரும் இளைஞர்களில் பலர், தம் உடலைப் பற்றிப் பேசத் தொடங்குவதே 'நரம்புத் தளர்ச்சி' என்ற சொல்லில்தான். உறக்கத்தில் விந்து வெளியேறுவது அந்த வயதின் இயல்பு என்றும், சுயஇன்பம் ஆண்மையைக் குறைப்பதில்லை என்றும், விந்து உடலில் ஓயாமல் உருவாகிக்கொண்டே இருப்பது என்றும் அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. நாற்பது சொட்டு இரத்தம் ஒரு சொட்டு விந்தாகிறது என்பதை மட்டும் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். உடலியலில் இதற்கு இடமே இல்லை. ஆனால் அதை நம்புவதால் வரும் சோர்வும் பதற்றமும் மெய்யானவை. மனநல மருத்துவர் நரேந்திர நாத் விக் 1960இலேயே இந்த நிலையைத் தாது நோய்க்குறி என்று பெயரிட்டு அடையாளம் காட்டினார்.

அச்சம் உடலில் என்ன செய்கிறது என்பதையும் நீங்கள் அறிய வேண்டும். பதற்றத்தில் சுரக்கும் அட்ரினலின் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுவதால் விறைப்பு தளர்கிறது. 'என்னால் முடியுமா' என்ற நடுக்கத்தோடு முதலிரவுக்குள் நுழையும் ஒருவன், அன்று இயலாமல் போனால், தொலைக்காட்சியில் சொன்னது தனக்குப் பலித்துவிட்டதாகவே நம்புகிறான். அடுத்த முறை நடுக்கம் இன்னும் கூடுகிறது. மருந்து விற்பதற்காகச் சொல்லப்படும் சொற்களே நோயை உண்டாக்குகின்றன. நடுத்தர வயதினருக்கு இழப்பு வேறு வகையானது: விறைப்புக் குறைபாடு நீரிழிவுக்கோ இதய நோய்க்கோ முன்னறிகுறியாக இருக்கக்கூடும் என்பதால் முதலில் செய்ய வேண்டியது சர்க்கரைப் பரிசோதனை, வெட்கத்தால் மருத்துவரைத் தவிர்த்து லேகியம் வாங்குபவர் அந்த வாய்ப்பைத் தவறவிடுகிறார்.

பெண்களைப் பற்றி அந்த நிகழ்ச்சிகள் பேசுவதே இல்லை, ஏமாற்றமடையும் மனைவியாகக் காட்டுவதைத் தவிர. முதல் உறவில் எல்லாப் பெண்களுக்கும் இரத்தம் வருவதில்லை என்பதை அறியாத குடும்பங்களில் சந்தேகம் வளர்கிறது. அச்சத்தால் யோனித் தசைகள் தாமாகவே இறுகி, உறவு கொள்ளவே இயலாத நிலை சிலருக்கு ஏற்படுகிறது. ஆலோசனையாலும் தசைப் பயிற்சியாலும் பெரும்பாலும் தீரக்கூடிய இந்தச் சிக்கலைத் தாயிடம்கூடச் சொல்ல இயலாமல், ஆண்டுகள் கழித்துக் குழந்தையின்மைச் சிகிச்சை மையத்தில்தான் முதன்முதலாக வாய் திறக்கும் தம்பதியர் உண்டு. கூச்சம் பண்பாட்டின் காவல் என்று வாதிடுவோர் இவர்களை ஒருமுறை நேரில் சந்திக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

1954ஆம் ஆண்டின் மருந்துகள், மாய மருத்துவம் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம், பாலியல் ஆற்றலைக் கூட்டுவதாகச் சொல்லும் மருந்து விளம்பரங்களைத் தடை செய்கிறது. அத்தகைய விளம்பரத்தை வெளியிடுவதில் பங்கேற்பவரையும் அது விட்டுவைக்கவில்லை. எனவே பொறுப்பு வைத்தியரோடு முடிந்துவிடுவதில்லை.

உங்களால் வேறுவிதமாகவும் செய்ய முடியும். மனநல மருத்துவர் மாத்ருபூதம் விஜய் தொலைக்காட்சியின் 'புதிரா புனிதமா' நிகழ்ச்சியில் பாலியல் ஐயங்களுக்கு மருத்துவ மொழியில், நாகரிகம் குறையாமல் விடையளித்தார். எதிர்ப்பும் கேலியும் இருந்தபோதும், பேசக்கூடிய செய்திதான் இது என்பதை அந்நிகழ்ச்சி காட்டியது.

ஆகவே, அந்த விளம்பர நேரத்தை ரத்து செய்து, வாரம் ஒருமுறையேனும் பதிவு பெற்ற மருத்துவர்களை, குறைந்தது ஒரு பெண் மருத்துவர் உட்பட, அமர்த்துங்கள். பெயர் சொல்லாமல் கேள்வி அனுப்பும் வசதியைக் கொடுங்கள். அந்த நிகழ்ச்சியில் எந்த மருந்தும் விற்கப்படக் கூடாது. அதை நள்ளிரவுக்குத் தள்ளாமல், கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கக்கூடிய நேரத்தில் ஒளிபரப்புங்கள்.

இப்படிக்கு,
மனநல ஆலோசகர் ஒருவர்