மாமா கேட்ட கேள்வி

அன்புள்ள அக்காவுக்கு,

"உயிரோடுதான் இருக்கிறாயா, இல்லை புத்தகத்துக்குள் விழுந்துவிட்டாயா?" என்று கேட்டு எழுதியிருக்கிறாய். இருக்கிறேன், நன்றாகவே இருக்கிறேன். ஒரு கட்டுரையை முடிப்பதற்குள் அடுத்தது வந்து நிற்கிறது. அதனால்தான் எழுதவில்லை, வேறொன்றும் இல்லை.

உலக இலக்கியம் முழுவதையும் ஒரு வருடத்தில் எப்படிப் படித்து முடிப்பான் என்று மாமா கேட்டாராமே. கிண்டலாகத்தான் கேட்டிருப்பார். ஆனால் முதல் வாரமே எங்கள் பேராசிரியரும் அதையேதான் கேட்டார் என்று அவரிடம் சொல். உலக இலக்கியத்தின் காலம் வந்துவிட்டது என்று ஜெர்மானியக் கவிஞர் கெதே 1827இல் தன் உதவியாளர் எக்கர்மனிடம் அறிவித்தார். அப்போது அவர் மொழிபெயர்ப்பில் ஒரு சீன நாவலைப் படித்துக்கொண்டிருந்தார். அறிவிப்பது எளிது, படிப்பவன் பாடுதான் திண்டாட்டம். எல்லாவற்றையும் படிக்கவே முடியாது என்று இத்தாலிய இலக்கிய ஆய்வாளர் ஃபிராங்கோ மொரெட்டி 2000இல் ஒரேயடியாகக் கைவிரித்துவிட்டார். நூல்களை விட்டுவிட்டு, அவற்றை ஆராய்ந்தவர்கள் எழுதியதைத் திரட்டி, நாவல் என்ற வடிவம் நாடுநாடாக எப்படிப் பரவியது என்று தூர நின்று பார்க்கலாம் என்பது அவர் கட்சி. படிக்காமலே பட்டம் வாங்கலாம் போலிருக்கிறதே என்பார் மாமா. எனக்கும் அது பிடிக்கவில்லை. ஆனால் மறுத்து எழுத உட்கார்ந்தால், மனிதர் லேசில் பிடி கொடுப்பதில்லை.

எதிர் அறைக்காரரைப் பற்றிச் சொல்லவில்லையே. ருமேனியாவின் குளூஜ் நகரத்துக்காரர், ஹங்கேரிய மொழி பேசுகிறவர். ஒப்பியல் இலக்கியத்துக்கென்று, அதாவது பல மொழி இலக்கியங்களை ஒப்பிட்டுப் படிக்கிற துறைக்கென்று, உலகின் முதல் இதழ் 1877இல் தன் ஊரிலிருந்துதான் வந்தது என்பதைச் சமையலறைக்கு வருகிற ஒருவரையும் விடாமல் பிடித்துச் சொல்லுவார். இதழை நடத்திய ஹூகோ மெல்ட்ஸல் அவருக்குச் சொந்தத் தாத்தா மாதிரி! ஒப்பிட வருகிறவனுக்குப் பத்து மொழி தெரிய வேண்டும் என்று மெல்ட்ஸல் விதித்தாராம். அந்தப் பத்தில் ஆசிய மொழி ஒன்றாவது உண்டா என்று கேட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தன் பழைய கம்பளிக் கோட்டைக் கொண்டுவந்து என் கதவில் மாட்டிவிட்டுப் போனார். பனி கொட்டும்போதும் சன்னலைத் திறந்துவைத்துத் தூங்குகிற மனிதருக்குக் கோட்டு எதற்கு என்று நானும் வைத்துக்கொண்டேன். ஆகவே கோட்டு வாங்கப் பணம் அனுப்ப வேண்டாம். நூலகம் இரவிலும் திறந்திருக்கிறது, கதகதப்பாகவும் இருக்கிறது. பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறேன். சனி, ஞாயிறுகளில் ஒரு சின்ன வேலைக்குப் போகிறேன், பொழுது போக வேண்டுமே.

ஆய்வேட்டுக்குத் தலைப்பு ஏறக்குறைய முடிவாகிவிட்டது. இலங்கைத் தமிழ் விமர்சகர் கைலாசபதி இதே இங்கிலாந்தில், பர்மிங்ஹாமில், கிரேக்க அறிஞர் ஜார்ஜ் தாம்சனிடம்தான் ஆய்வு செய்தார். சங்கப் பாடல்களைக் கிரேக்கக் காவியக் கவி ஹோமரோடு ஒப்பிட்ட அந்த ஆய்வு 1968இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக வந்தது. பாணர் மரபைப் பற்றி அவர் சொல்வதெல்லாம் சரி. ஆனால் புறப்பாட்டுக்குப் பொருந்துவது குறுந்தொகைக்கும் அப்படியே பொருந்துமா? அத்தனை இறுக்கமாகக் கட்டிய அகப்பாட்டை, வாய்மொழிப் பாடகர்கள் திரும்பத் திரும்பக் கையாளும் தொடர்கள் என்ற வாய்பாட்டுக்குள் அடக்குவது எனக்கு ஒப்பவில்லை. அதோடு, ஒப்பிடுகிறோம் என்று சொல்லிவிட்டு ஏன் எப்போதும் ஹோமரையே அளவுகோலாக வைக்க வேண்டும்? இதைத்தான் எழுதப்போகிறேன். வழிகாட்டி பாதி மனதோடு தலையாட்டியிருக்கிறார்.

போன வாரம் ஜெர்மானிய யூத அறிஞர் அவுயர்பாக்கின் 'மிமிசிஸ்' என்ற இலக்கிய ஆய்வு நூல் பாடம். நாஜிகள் வேலையைப் பறித்த பிறகு இஸ்தான்புல்லுக்குப் போய், போதிய நூலகம்கூட இல்லாமல் போர்க்காலத்தில் எழுதிய புத்தகம். நல்ல நூலகம் இருந்திருந்தால் எழுதியே இருக்க மாட்டேன் என்று கடைசியில் அவரே சொல்கிறார். முதல் அத்தியாயம் ஹோமரின் காவிய நாயகன் ஒடிசியுஸின் தழும்பைப் பற்றியது. இருபது வருடம் கழித்து மாறுவேடத்தில் வீடு திரும்புகிறான். கால் கழுவிவிடும் கிழச் செவிலி, தொடையில் இருக்கும் தழும்பைக் கையால் தடவியே ஆளைக் கண்டுகொள்கிறாள். அந்தப் பத்தியை உரக்கப் படிக்க என்னைச் சொன்னார்கள். பாதியில் குரல் நின்றுவிட்டது. அம்மாவுக்கு இப்போது முகங்கள் மங்கலாகத்தான் தெரிகின்றன என்று நீ எழுதியதை அன்று காலையில்தான் படித்திருந்தேன். சளி பிடித்திருக்கிறது என்று சொல்லிச் சமாளித்தேன். அன்றிரவு யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. பேசவும் அப்படி யாரும் இல்லை என்று வைத்துக்கொள்.

அதனால் அக்கா, நான் வரட்டும் என்று கண் அறுவையைத் தள்ளிப்போடாதே. எனக்குச் செப்டம்பருக்கு முன் நகர முடியாது. மருத்துவர் சொன்ன தேதிக்கே செய்துவிடுங்கள். சொட்டு மருந்து விடுவதை அம்மாவிடமே விட்டுவிடாதே, மறந்துவிடுவாள். அத்தான் இரண்டு நாள் விடுப்பு எடுக்க முடியுமா என்று கேள்.

வீட்டுப் பத்திரத்தில் சித்தப்பா என் கையெழுத்தைக் கேட்பதாக எழுதியிருக்கிறாய். நகலைப் பார்க்காமல் நான் ஒப்புக்கொண்டதாக யாரும் சொல்ல வேண்டாம். மொட்டைமாடிப் பங்கை அவர் எப்படி எழுதியிருக்கிறார் என்று மாமாவைப் படித்துப் பார்க்கச் சொல். இலக்கியத்தில் கிண்டல் செய்தாலும் பத்திரத்தில் அவர் கெட்டி. எல்லாம் சரியாக இருந்தால், உன் பெயருக்கே அதிகாரப் பத்திரம் எழுதித் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்புகிறேன். சித்தப்பா பெயருக்கு வேண்டாம். நகலை இந்த வாரமே அனுப்பு, பக்கங்கள் எதுவும் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்.

அன்புடன்,
தம்பி