எல் நினோ செய்தியைப் பார்த்து மதகை அடைக்காதீர்கள்

கடலூர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும் நீர்வளத் துறைப் பொறியாளர்களுக்கும் வணக்கம்.

‘எல் நினோ வருகிறது, மழை பொய்க்கும்’ என்று செய்தி வந்ததுமே ஏரிகளை விளிம்புவரை தேக்கிவைக்கும் பேச்சு கிளம்பிவிடுகிறது. அந்தக் கணக்கு தென்மேற்குப் பருவமழைக்கானது. நம் மாவட்டத்துக்கு ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டுகிறது. அப்போது கணக்கு பெரும்பாலும் தலைகீழ்.

நடுப் பசிபிக்கில், நிலநடுக்கோட்டை ஒட்டிய கடல்மேல் வெப்பம் சராசரியைவிட 0.5 டிகிரி ஏறி மாதக்கணக்கில் நின்றால் எல் நினோ. அதே அளவு இறங்கி நின்றால் லா நினா. எல் நினோவில் பசிபிக்கின் கீழைக்காற்று தளரும், இந்தோனேசியப் பக்கம் மேகம் குறையும். ஐப்பசி பிறந்தபின் அதே மாற்றம் வங்கக் கடலின் ஈரத்தை நம் கரைக்குத் தள்ளிவிடுகிறது. 2015 வெள்ளம் வலுவான எல் நினோவில்தான் வந்தது. 2016-இல் லா நினாவோடு இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பக்கமும் குளிர்ந்திருந்தது. வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது.

இதையும் வேதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2021 லா நினா ஆண்டு, மழையோ இயல்பைவிட மிக அதிகம். 2011 டிசம்பர் 30-இல் பண்ருட்டிப் பலாவையும் முந்திரியையும் சாய்த்த தானே புயலும் லா நினாவில் வந்ததே. பசிபிக்கின் நிலை பருவத்தின் சாய்வைச் சொல்லும். எந்த வாரம் கொட்டும் என்று சொல்லாது.

வாரக் கணக்குக்கு மேடன்–ஜூலியன் அலைவைப் பாருங்கள். 30 முதல் 60 நாளில் உலகைச் சுற்றும் மழைமேகக் கூட்டம் அது. அதன் வலுவைக் காட்டும் குறியீடு 1-க்கு மேல் இருந்து, இந்தியப் பெருங்கடலின் கிழக்குப் பாதிக்கு வரும்போது வங்கக் கடலில் தாழ்வு உருவாக வாய்ப்பு கூடும். வானிலைத் துறை வியாழன்தோறும் நான்கு வாரத்துக்கான முன்னறிவிப்பு தருகிறது. அதுதான் மதகுக்கு உதவும் தாள்.

புயல் கரை கடந்துவிட்டது என்று மூச்சுவிடவும் முடியாது. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறியும், நகர்த்தும் மேல்காற்று வலுவிழந்திருந்ததால் அங்கேயே நின்றது; புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை. அடுத்து சாத்தனூர் அணைத் தண்ணீரும் தென்பெண்ணையில் இறங்கியது.

கொண்டல் (கிழக்குக் காற்று) பலமாக அடிக்கும் நாளில் கடல்நீர் முகத்துவாரத்தில் மேடேறி நிற்கும். அமாவாசை, பௌர்ணமி ஏற்றமும் சேர்ந்தால் கெடிலமும் உப்பனாறும் வடிய வழியின்றித் திரும்பும். மேலே எவ்வளவு திறப்பது என்று தீர்மானிக்கும் பொறியாளர் ஓத நேரத்தையும் பார்க்காவிட்டால், கணக்கில் சரியான அளவுகூட ஊருக்குள் வெள்ளமாகும். முகத்துவார மணல் திட்டை செப்டம்பரிலேயே வெட்டுங்கள். மழை தொடங்கியபின் இயந்திரம் இறங்காது.

வீராணம் ஏரியை அக்டோபர் நடுவிலேயே முழு மட்டமான 47.5 அடிக்கு நிரப்பாமல், ஒன்றரை அடியாவது இடம் விட்டு வையுங்கள். வியாழன் முன்னறிவிப்பு இரண்டு வாரம் தொடர்ந்து வறட்சி காட்டினால் அப்போது நிரப்பலாம். எந்த நாளில், எந்த அறிவிப்பைப் பார்த்து மதகைத் தொட்டீர்கள் என்பதைப் பதிவேட்டில் எழுதி, அணைக்கரை விவசாயிகளுக்கும் தேவனாம்பட்டினம் மீனவர்களுக்கும் தெரியும்படி ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
கடலையும் காற்றையும் கவனிக்கும் கடலூர்க்காரர்கள் சிலர்