விண்ணப்பித்த பிறகு வரும் மாதங்களைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசுத் தேர்வுக்குப் படிக்கிற இளைஞர்கள் சோர்ந்துபோவது பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். விடியற்காலையில் எழுந்திருங்கள், செல்போனைத் தள்ளி வையுங்கள், இலக்கை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள் என்றெல்லாம் அதில் இருந்தது. எதுவும் தவறில்லை. ஆனால் குடியாத்தத்தில் தட்டச்சுப் பயிலகம் நடத்திக்கொண்டு, கூடவே பிள்ளைகளுக்கு விண்ணப்பமும் போட்டுக் கொடுக்கிற எனக்கு அந்தக் கட்டுரை பாதியில் நின்றுவிட்ட மாதிரி இருந்தது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் படிக்கச் சோம்பல்பட்டு மனம் விடுவதை நான் அதிகம் பார்த்ததில்லை. படித்து, விண்ணப்பம் போட்டு, எழுதியும் முடித்துவிட்டு, ஒரு தகவலும் வராமல் கிடக்கிற மாதங்களில்தான் மனம் விட்டுப்போகிறார்கள்.

என்னிடம் யார் வருகிறார்கள் என்று சொன்னால் உங்களுக்குப் புரியும். காலை ஆறு மணி பேட்சில் ஹையர் (தட்டச்சில் உயர்நிலைத் தேர்வு) அடித்துப் பழகிவிட்டு, அப்படியே ஓடிப்போய் ஷூ கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கிற பெண்கள். பேரணாம்பட்டுக்கும் ஆம்பூருக்கும் போகிறவர்கள். சாயங்காலம் வருகிறவர்களில் தறி வீட்டுப் பிள்ளைகள், தீப்பெட்டி வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள், டிகிரி முடித்துவிட்டுக் கடையில் கணக்கு எழுதுகிற பையன்கள். தமிழும் இங்கிலீஷும் இரண்டுமே ஹையர் முடித்தால், தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்துகிற குரூப் 4 தேர்வில் தட்டச்சர் பணிக்கு முன்னுரிமை உண்டு என்பதால்தான் கம்ப்யூட்டர் காலத்திலும் என் மெஷின்கள் ஓய்வில்லாமல் ஓடுகின்றன. இவர்களுக்குப் போய் விடியற்காலையில் எழுந்திருக்கச் சொல்ல எனக்கு வாய் வராது.

கணக்கை முதலில் நேராகப் பார்க்க வேண்டும். 2022-ல் நடந்த குரூப் 4 தேர்வுக்கு அறிவிப்பு வந்தபோது இடங்கள் 7,301. பிறகு அது பத்தாயிரத்தைத் தாண்டியது. எழுதியவர்கள் 18 லட்சத்துக்கும் மேல். கூடிய இடங்களை வைத்துப் பார்த்தாலும் நூற்றெழுபது, நூற்றெண்பது பேருக்கு ஒரு இடம். நன்றாகப் படித்தவர்களிலும் பெரும்பாலானவர்களுக்குக் கிடைக்காது என்பது தேர்வுக்கு முன்பே தெரிந்த விஷயம். இதை யாரும் பிள்ளைகளிடம் உட்காரவைத்துச் சொல்வதில்லை. "உழைத்தால் கிடைக்கும்" என்று மட்டும் சொல்லி அனுப்புகிறோம். கிடைக்காதபோது, அப்படியானால் நான் உழைக்கவில்லை போலிருக்கிறது என்று அந்தப் பிள்ளை தன்னையே நொந்துகொள்கிறது. கணக்கைச் சொல்லி வளர்த்த பிள்ளைகள் அடுத்த முறை எழுத வருகிறார்கள். இதை என் பயிலகத்திலேயே பார்க்கிறேன்.

அப்புறம் காத்திருப்பு. அந்தத் தேர்வு நடந்தது 2022 ஜூலை 24. முடிவு வந்தது 2023 மார்ச்சில். எட்டு மாதம். 2024 ஜூன் 9-ல் நடந்த குரூப் 4-க்கு அக்டோபர் 28-லேயே முடிவு வந்துவிட்டது. இடங்களும் 6,244 என்று தொடங்கி 9,000-ஐத் தாண்டியது. நல்ல மாற்றம், மனதார வரவேற்கிறேன். ஆனால் ரயில்வேயை எடுத்துக்கொள்ளுங்கள். 2019-ல் அறிவித்த என்டிபிசி (தொழில்நுட்பம் சாராத பிரிவு) வேலைகளுக்கு 35,000 இடங்கள், விண்ணப்பித்தவர்கள் ஒரு கோடிக்கும் மேல். முதல் கட்டத் தேர்வு தொடங்கவே 2020 டிசம்பர் ஆகிவிட்டது. நடுவில் கொரோனா வந்தது உண்மைதான். ஆனாலும் விண்ணப்பம் போட்டபோது கல்யாணமாகாமல் இருந்த பெண் கைக்குழந்தையோடு தேர்வு எழுதப் போகிற அளவுக்கு நாள் போய்விட்டது.

முடிவு வந்தாலும் காத்திருப்பு தீர்வதில்லை. சான்றிதழ் பதிவேற்றம், சரிபார்ப்பு, பிறகு சென்னையில் கலந்தாய்வு. என்னிடம் படித்த ஒரு பெண் கலந்தாய்வு வரைக்கும் போனாள். காட்பாடியில் விடியற்காலை ரயில் ஏறி, அப்பாவோடு பிராட்வே பக்கத்தில் இருக்கிற தேர்வாணைய அலுவலகத்துக்குப் போயிருக்கிறாள். தரவரிசைப்படி கூப்பிட்டுக்கொண்டே வந்து, அவளுடைய பிரிவில் இடம் தீர்ந்துவிட்டது என்று திரையில் காட்டியிருக்கிறார்கள். இடம் தீர்ந்தபோது அவளுக்கு முன்னால் காத்திருந்தவர்கள் மிகச் சிலர்தான். ஊருக்கு வந்து ஒரு வாரம் வெளியே தலைகாட்டவில்லை. தெருவில் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்துவிட்டிருந்தார் அவள் அம்மா. கலந்தாய்வுக்குக் கூப்பிட்டாலே வேலை உறுதி என்று நம்மூரில் நினைத்துக்கொள்கிறார்கள். இடங்களைவிடக் கூடுதலாகத்தான் கூப்பிடுவார்கள் என்பதை உங்களைப் போன்ற நாளிதழ்கள் பெரிய எழுத்தில் போட வேண்டும். அந்தப் பெண் இப்போது பேரணாம்பட்டில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறாள். விண்ணப்பம் போடுவதை நிறுத்தவில்லை. கூட்டுறவு வங்கி உதவியாளர் தேர்வுக்குப் போன முறை என்னிடம் வந்துதான் போட்டுவிட்டுப் போனாள்.

அவள் நிறுத்தாமல் இருப்பதற்கு ஒரு காரணம் நோட்டு. என்னிடம் வருகிற எல்லோரையும் ஒரு நீள நோட்டு வாங்கச் சொல்வேன். தேர்வின் பெயர், விண்ணப்ப எண், கட்டிய பணம், தேர்வுத் தேதி, முடிவு என்று கட்டம் போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு விண்ணப்பத்தை அனுப்பிய அன்றைக்கே, அதே பக்கத்தில், அடுத்து எதற்குப் போடப்போகிறோம் என்பதையும் எழுதிவிட வேண்டும். தேர்வாணையம் ஆண்டுதோறும் திட்ட அட்டவணை வெளியிடுகிறது. மத்திய அரசு வேலைகளுக்கான எஸ்எஸ்சி, ரயில்வே, வங்கி, காவல் துறை என்று வேறு வேறு மாதங்களில் வந்துகொண்டே இருக்கும். கணக்கும் பொது அறிவும் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரே தேர்வில் உயிரை வைத்துக்கொண்டு எட்டு மாதம் செல்போன் திரையையே பார்த்துக்கொண்டிருப்பதற்கும், அடுத்த மாதம் இன்னொன்று இருக்கிறது என்று புத்தகத்தைத் திறப்பதற்கும் மனதளவில் பெரிய வித்தியாசம். முடிவு வருகிறபோது வரட்டும்.

விண்ணப்பம் போடுகிற வேலையே பாதி தெம்பை வாங்கிவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். கடைசித் தேதிக்கு முந்தின ராத்திரி சர்வர் சுற்றிக்கொண்டே இருக்க, போட்டோ 50 கேபிக்குள் இல்லை, கையெழுத்து 20 கேபியைத் தாண்டுகிறது என்று திரும்பத் திரும்ப வந்தால் யாருக்கும் அழுகைதான் வரும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால். ஆம்பூர்க்காரர்கள் சொந்த மாவட்டம் என்ற கட்டத்தில் விரலை வைத்துக்கொண்டு யோசிப்பார்கள். 2019-ல் வேலூரைப் பிரித்துத் திருப்பத்தூரும் ராணிப்பேட்டையும் வந்த பிறகு, கையில் இருக்கிற பழைய சான்றிதழில் ஒரு மாவட்டம், இன்றைக்கு இருப்பது ஒரு மாவட்டம்.

எல்லாவற்றையும்விட அலைச்சல் தருவது தமிழ்வழிச் சான்றிதழ். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத இடம் என்று 2010-ல் சட்டம் வந்தது. 2020-ல் அதைத் திருத்தி, பள்ளியில் இருந்தே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும் என்றார்கள். நியாயமான திருத்தம், எங்கள் பிள்ளைகளுக்குத்தான் நன்மை. ஆனால் ஐந்தாவது வரை ஊராட்சி ஒன்றியப் பள்ளி, எட்டாவது வரை இன்னொன்று, பத்தாவது வேறொன்று என்று படித்தவர்கள் ஒவ்வொரு தலைமையாசிரியரிடமும் போய் நிற்க வேண்டும். அறிவிப்பு வந்த பிறகு ஓடினால் பள்ளி லீவாக இருக்கும், தலைமையாசிரியர் மீட்டிங் போயிருப்பார். அதனால் நான் சொல்வது இதுதான்: எந்த அறிவிப்பும் இல்லாத மாதத்தில் ஒரு நாள் ஒதுக்கி, சாதிச் சான்றிதழ், தமிழ்வழிச் சான்றிதழ் எல்லாவற்றையும் வாங்கி, ஸ்கேன் செய்து, சொன்ன அளவில் போட்டோவும் கையெழுத்தும் தயார் செய்து, சொந்த மெயிலில் போட்டு வைத்துவிடுங்கள். தேர்வாணைய இணையதளத்தில் நிரந்தரப் பதிவு 150 ரூபாய், ஐந்து வருடம் செல்லும். அதன் கடவுச்சொல்லை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். இத்தனையும் கையில் இருந்தால் விண்ணப்பம் அரை மணி நேர வேலை. படிக்க வேண்டிய மூளையை அலைச்சலில் செலவழிக்க வேண்டியதில்லை.

பணமும் சின்ன விஷயமில்லை. குரூப் 4-க்கு 100 ரூபாய் என்றால், கட்டணச் சலுகை இல்லாதவர்களுக்கு வங்கித் தேர்வுக்கு 850. ரயில்வேயில் சலுகை இல்லாதவர்களிடம் 500 வாங்கிக்கொண்டு, முதல் கட்டத் தேர்வு எழுதினால் 400-ஐத் திருப்பித் தருகிறார்கள். வங்கிக் கணக்கு எண்ணைத் தப்பில்லாமல் கொடுங்கள். தேர்வாணையத்தில் பிற்படுத்தப்பட்டோருக்கும் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் மூன்று முறை கட்டணம் கிடையாது. அந்த மூன்றையும் படிக்காமல் போடுகிற தேர்வுகளில் தீர்த்துவிடாதீர்கள்.

இனி வீட்டில் இருப்பவர்களுக்கு. வைகாசி முதல் நாள் எங்கள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு ஊரே கூடும். சொந்தபந்தம் எல்லாம் வீட்டுக்கு வரும். அந்த நாளில் அம்மனைப் பார்க்கக்கூட வெளியே வராமல் அறைக்குள் இருந்துவிடுகிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். "இன்னாம்மா, படிச்சிக்கினே இருக்கிறியே, எப்போ வேலை?" என்று ஒரே கேள்வியைப் பத்து பேர் கேட்பார்கள். கேட்பவர்களுக்கு அது நலம் விசாரிப்பு. கேட்கப்படுகிறவர்களுக்கு மறுநாள் புத்தகம் எடுக்கத் தோன்றாது. பெரியவர்களைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். முடிவு வந்தால் பிள்ளைகளே வந்து சொல்வார்கள். அதுவரை சாப்பிட்டாயா என்று கேளுங்கள், போதும்.

வேறு மாதிரி வீடும் இருக்கிறது. ஒரு நாள் ஹால் டிக்கெட் கொடுக்க ஒரு பெண்ணின் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசல் திண்ணையில் அம்மா, சித்தி, பாட்டி மூவரும் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். இலையில் தூளை வைத்துச் சுருட்டி, நூலைக் கட்டி, முனையை மடக்குகிற கை ஒரு நொடி நிற்கவில்லை. நடுவில் உட்கார்ந்து அந்தப் பெண் வினா வங்கியைச் சத்தமாகப் படிக்கிறாள். மூவரும் பதில் சொல்லிப் பார்க்கிறார்கள். முதலமைச்சரான பிறகு 1954-ல் காமராஜர் எந்தத் தொகுதி இடைத்தேர்தலில் வென்றார் என்று படித்ததும் பாட்டிக்கு வந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே. "இதெல்லாம் ஒரு கேள்வியாடி? நம்ம குடியாத்தத்துலதான! எங்கப்பா என்னைத் தோள்ல தூக்கிக்கினு போயி கூட்டத்தைக் காட்டினாரு" என்றார். சித்தியோ 1806 வேலூர்ப் புரட்சி எந்தத் தேதி என்பதை நான் வருவதற்குள் மனப்பாடம் செய்திருந்தார். ஜூலை 10. அந்தப் பெண்ணுக்கு வேலை கிடைத்ததா என்று கேட்பீர்கள். இன்னும் இல்லை. ஆனால் அவள் திருவிழாவுக்கு அறைக்குள் ஒளிந்து நான் பார்த்ததில்லை. தனியாக அறையில் படிப்பவர்களைவிட, இப்படி நாலு பேர் நடுவில் படிப்பவர்கள் நீண்ட நாள் தாங்குகிறார்கள். வீட்டில் அந்த வசதி இல்லாதவர்கள் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்காக நடக்கிற தன்னார்வப் பயிலும் வட்டத்தில் சேரலாம். இலவசம்தான். நூலகத்தில் இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்தாலும் சரி.

ஒன்றைக் கொஞ்சம் தயங்கித்தான் எழுதுகிறேன். வேறு எந்த வேலையும் பார்க்காமல் முழு நேரமும் படி என்று சொல்கிற பயிற்சி மையங்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. வசதியுள்ள வீட்டுக்கு அது சரிவரலாம். எங்கள் பக்கத்தில் ஒரு சின்ன சம்பளமாவது வருகிற பிள்ளைகளே மனம் உடையாமல் நிற்கிறார்கள். விண்ணப்பக் கட்டணத்துக்கு அப்பாவிடம் கைநீட்ட வேண்டியதில்லை என்பதே அவர்களுக்கு ஒரு தைரியம். இருபத்தெட்டு, முப்பது வயதில் இது போதும் என்று ஒருவர் நிறுத்த முடிவெடுத்தாலும், கையில் ஒரு தொழிலும் அனுபவமும் இருக்கும். நிறுத்துகிறவர்களைத் தோற்றவர்கள் என்று பேசுவதையும் நாம் விட வேண்டும்.

ஆசிரியர் அவர்களே, உங்கள் வேலைவாய்ப்புப் பக்கத்தில் முதலிடம் பிடித்தவர்களின் பேட்டி தவறாமல் வருகிறது. மகிழ்ச்சிதான். கலந்தாய்வு வரை போய்த் திரும்பியவர்கள், மூன்றாவது நான்காவது முயற்சியில் நிற்பவர்கள் எப்படி நாளைக் கழிக்கிறார்கள் என்று அவர்களிடமும் கேட்டு எழுதுங்கள். மாதத்தில் ஒரு நாள், எந்தத் தேர்வின் விண்ணப்பம் எப்போது முடிகிறது, எழுதி முடித்த தேர்வுகளின் முடிவு எந்த நிலையில் இருக்கிறது என்ற இரண்டையும் ஒரே அட்டவணையாகப் போடுங்கள். விண்ணப்பம் பற்றிய தகவல் எங்கும் கிடைக்கிறது. முடிவு எந்த நிலையில் என்ற தகவலுக்குத்தான் பிள்ளைகள் யூடியூபில் யார் யாரோ சொல்வதை நம்பி, ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். நீங்கள் போட்டால் நம்பிப் படிப்பார்கள். என் பயிலகத்து அறிவிப்புப் பலகையில் அதற்கு இடம் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தட்டச்சுப் பயிலக ஆசிரியை,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.