பெரியம்மா பாதியில் விட்ட போர்வைக்குக் கை கொடுத்தவர்களுக்கு

உறையூர் அத்தைமார்களுக்கும் அக்காமார்களுக்கும், தையல் டீச்சருக்கும், தெப்பக்குளத்து டைலர் அண்ணனுக்கும், மற்ற எல்லோருக்கும் வணக்கம்.

போர்வை முடிந்துவிட்டது. ஓரம் தைத்து, அலசி, நிழலில் காயவைத்து, மடித்தும் வைத்தாயிற்று. வீடு வீடாக வந்து நன்றி சொல்லத்தான் ஆசை. ஆனால் ஒரு வீடு விட்டுப்போனாலும் "எங்களை மட்டும் மறந்துட்டியே" என்று பேச்சு வரும். அதனால் எல்லோருக்குமாக இந்த ஒரே மடல்.

பெரியம்மாவுக்குத்தான் முதல் நன்றி. ஆரம்பித்ததற்கும் சரி, பாதியில் விட்டதற்கும் சரி. கொலுவுக்குப் போனால் தாம்பூலத்தோடு ரவிக்கைத் துண்டு வைத்துக் கொடுப்பார்கள் இல்லையா? அதை யாரும் தைத்துப் போட்டுக்கொள்வதில்லை. அடுத்த வீட்டுத் தாம்பூலத்துக்கு அப்படியே தள்ளிவிடுவோம். நாம் கொடுத்த துண்டே இரண்டு நவராத்திரி கழித்து நம்மிடம் திரும்பி வருவதும் உண்டு. அந்தச் சுற்றலை நிறுத்திக் கத்தரி வைத்தவர், எனக்குத் தெரிந்து எங்கள் பெரியம்மா ஒருவர்தான். கான்வென்ட்டில் கைவேலை சொல்லிக்கொடுத்த சிஸ்டரிடம் கற்ற வேலை இது. அறுகோணமாக வெட்டிய அட்டைமேல் துணியை மடித்து இழையோட்டி, நடுவில் ஒன்று, சுற்றி ஆறு என்று சேர்த்தால் ஒரு பூ. அப்படிப் பூப்பூவாகத் தைத்து டிரங்குப் பெட்டி நிறைய வைத்திருந்தார். பாதிப் பூக்கள் ஒன்றோடொன்று சேர்ந்திருந்தன, மீதி உதிரி.

அட்டை எது என்கிறீர்களா? கல்யாணப் பத்திரிகைகள். அதைவிடத் தோதான அட்டை கிடைக்காது. முப்பது வருஷம் பெட்டிக்குள் கிடந்தும் மடிப்பு குலையவில்லை. ஒன்றைப் பிரித்தால் "தங்கள் நல்வர" என்று நிற்கிறது, இன்னொன்றில் "பிரஜோத்ப" வரை. பிரஜோத்பத்தி என்ற தமிழ் வருஷம் 1991-92. ஸ்ரீமுக வருஷத்துக்கு, அதாவது 1993-94க்கு, பிந்திய பத்திரிகை ஒன்றுகூட இல்லை. ஆக, 1993, 94 வாக்கில் விட்டிருக்கிறார்.

ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். "அலுத்துப்போச்சுடி" என்றார். இந்தக் கதையைச் சொன்னபோதெல்லாம், கேட்டவர்கள் ஏதோ பெரிய துக்கத்தை எதிர்பார்த்து ஏமாந்துதான் போனார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. துக்கத்தில் கீழே வைத்த வேலை என்றால் தொடவே கை நடுங்கியிருக்கும். அலுப்பில் வைத்ததை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்.

அடுத்தது தையல் டீச்சர். நீங்கள் இல்லாவிட்டால் நான் மொத்தத்தையும் பிரித்துப் போட்டிருப்பேன். பெரியம்மா இடது கைக்காரர், அவருடைய தையல் எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். என்னுடையது அதற்கு எதிர்ப்பக்கம். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எங்கே அவர் கை நின்றது, எங்கே என் கை தொடங்கியது என்று தெரிகிறது. அது கண்ணை உறுத்துகிறதே என்று நான் சொன்னபோது, நீங்கள் பதிலே பேசாமல் ஒவ்வொரு இணைப்பையும் இரண்டு கட்டை விரலாலும் இழுத்துப் பார்த்தீர்கள். விட்டுக்கொடுத்த இடத்தில் மட்டும் சாக்பீஸால் ஒரு கோடு. "இதை மட்டும் திருப்பித் தை. மத்ததைப் பிரிச்சா ஓரம் நைஞ்சு போகும்" என்றீர்கள். கோடு விழுந்தது சொற்ப இடத்தில்தான்.

இங்கிலாந்தில் 1718 என்று வருஷமே தைத்த பட்டு ஒட்டுப்போர்வை ஒன்று இன்றும் இருக்கிறது, அதுவும் தாள் வைத்துத் தைத்ததுதான் என்று சொன்னதும் நீங்கள்தான். இதே அறுகோணப் பூ அமெரிக்காவில் 1930-களில், கையில் காசில்லாத காலத்தில், வீட்டுக்கு வீடு பரவியதாம். 'பாட்டியின் பூந்தோட்டம்' என்பார்களாம். உறையூரில் கல்யாணப் பத்திரிகை வைத்துத் தைத்ததையும் அந்த வரிசையில் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

சாயம் விஷயத்திலும் டீச்சர் பேச்சைக் கேட்டது நல்லதாயிற்று. உப்புத் தண்ணீரில் ஊறவை, வினிகர் ஊற்று என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். டீச்சரோ ஈர வெள்ளைத் துணியை ஒவ்வொரு நிறத்தின் மேலும் அழுத்தி எடுத்துப் பார்க்கச் சொன்னார். ஒரு அரக்குச் சிவப்பு மட்டும் கறை விட்டது. அது இருந்த பூக்களை ஒதுக்கிவிட்டோம். குங்குமமும் மஞ்சளும் பட்ட துண்டுகளை அப்படியே வைத்தோம். சோப்பு பட்டதும் மஞ்சள் கறை சிவந்துகொண்டு ஒரு ஆட்டம் காட்டியது. அலசி வெயிலில் போட்டதும் வெளுத்து அடங்கிவிட்டது.

தெப்பக்குளத்து அண்ணா, உங்கள் கடையில் ஒரு சாக்கு வெட்டுத் துணியைக் கொட்டிவைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்ததில் உங்களுக்கு எத்தனை கிராக்கி திரும்பிப் போனதோ தெரியாது. எனக்கு வேண்டியது கத்திரிப்பூ நிறமும் மாம்பழ மஞ்சளும், பழைய டூ பை டூ ரூபியா ரவிக்கைத் துணி மாதிரி மெலிசாக. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தன. நீங்கள் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு இழையை உருவித் தீக்குச்சியில் காட்டினீர்கள். சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி, இந்தப் பக்கம். உருகிக் குண்டுமணியாகத் திரண்டால் பாலியெஸ்டர், சாக்குக்குள். பாலியெஸ்டர் கலந்த துணி அட்டைமேல் மடிந்து நிற்காது, விறைத்துக்கொண்டு எழும்பும் என்பதை அப்புறம் வீட்டில் ஒரு துண்டை மடித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். காசு வாங்க மாட்டேன் என்றீர்கள். பரவாயில்லை, தீபாவளிக்குப் பார்த்துக்கொள்கிறேன்.

பஞ்சுக் கடை பாய்க்கும் நன்றி. இலவம்பஞ்சு கேட்டுத்தான் போனேன். "தலையணைக்கு வாங்கிக்கம்மா, இதுக்கு வேணாம். ஒரு தண்ணி பட்டா கட்டி கட்டியாயிடும்" என்று வியாபாரத்தை அவரே கெடுத்துக்கொண்டார். அதுவும் திருச்சி வெயிலுக்குப் பஞ்சு எதற்கு? கோடி வீட்டு அத்தை கொடுத்த பழைய உறையூர்ச் சேலை இரண்டில் ஒன்று நடுவில் போயிற்று, இன்னொன்று அடியில். நூற்றுக்கணக்கான தடவை துவைத்து மெலிந்த சேலை, ஊசி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. சேலை அகலம் 48 அங்குலத்துக்குள் அடங்கிவிடும், போர்வை 60 அங்குலம். இரண்டு சேலைக்கும் தனித்தனியாகப் பக்கவாட்டில் ஒட்டுப்போட்டு அகலமாக்கிக் கொடுத்ததும் அதே அத்தைதான்.

பஜனை மடத்துச் சாவியைக் கொடுத்த மாமாவுக்கு நன்றி. மூன்று அடுக்கையும் சுருக்கமில்லாமல் விரித்துப் பிடிக்க அந்தச் சிவப்புச் சிமெண்டுத் தரையை விட்டால் தெருவில் வேறு இடம் இல்லை. அன்றைக்கு ஊக்கு கொண்டுவந்த அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு. ஊக்குகள் எல்லாம் கலந்துவிட்டன, யாருடையது எது என்று தெரியவில்லை, டப்பா என் வீட்டில் இருக்கிறது. மடத்தில் பூக்களுக்குள் மிச்சமிருந்த கடைசி அட்டைகளை உருவும்போது மாடி வீட்டு அக்கா ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஐயையோ, இது என் கல்யாணம்! பெரியம்மா என் கல்யாணத்தையே வெட்டிட்டாங்களா?" என்று போட்ட சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டது. அந்த அட்டையை அவரே கொண்டுபோய்விட்டார்.

ஓரம் பற்றி நடந்த சண்டையையும் சொல்லியாக வேண்டும். அறுகோணமாகச் சேர்த்தால் விளிம்பு கோணல்மாணலாகத்தான் வரும். நேராக வெட்டிவிடு என்று ஒரு கட்சி, வெட்டாதே என்று ஒரு கட்சி. நான் வெட்டாத கட்சி. நமக்கு வேலை மிச்சம் என்று அடுத்தவர் தைத்த பூவை அரைப் பூவாக்குவது எனக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் சேலைக் கரையை நீளவாக்கில் வெட்டி, அதன்மேல் பூ விளிம்பைப் படியவைத்துத் தைத்துவிட்டோம். வெளிப்பக்கம் நேராகவும் வந்துவிட்டது, பூவும் முழுசாக நிற்கிறது. இங்கிலாந்தில் லெஸ்டரிலிருந்து குட்டை ஊசிகளை அனுப்பிய அக்கா மகனுக்கும் இங்கேயே நன்றி. உன் ஊசியில் இரண்டு உடைந்தது, மீதி பத்திரம்.

பெரியம்மாவிடம் கொண்டுபோய் விரித்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் தடவிப் பார்த்தார். "இந்தப் பச்சைக்குப் பக்கத்துல யாராவது ஊதா வெப்பாங்களா?" என்றார். அந்தப் பச்சை அவர் வைத்தது. ஊதாவும் அவர் வைத்ததுதான். நான் வாயைத் திறக்கவில்லை. போர்வை இப்போது அவர் கட்டிலில்தான் இருக்கிறது.

இன்னொன்று. சாயம் போகிறது என்று ஒதுக்கியதும் கணக்குக்கு மிஞ்சியதுமாக உதிரிப் பூக்கள் ஒரு பை நிறையக் கிடக்கின்றன. தொட்டிலுக்கு விரிப்பு, தலையணை உறை என்று ஏதாவது தைக்க நினைப்பவர்கள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். அரக்குச் சிவப்பை மட்டும் தனியாகத் துவைக்க வேண்டும். அட்டையைப் பிரிக்காமலே தருகிறேன். பாதியில் அலுத்துப்போனால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், பெட்டியில் இடம் இருக்கிறது.