லூக்கா ஆற்றுக்குச் சாண வைத்தியம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2018 டிசம்பரில் க்சான் என்ற ஊரின் நிலக்கரிச் சுரங்கத்தில் 15 தொழிலாளர்கள் வெள்ளத்தில் சிக்கியதுபோல் ஏதேனும் விபரீதம் நேர்ந்தால்தான் மேகாலயாவின் எலிவளைச் சுரங்கங்கள் (ஆள் ஊர்ந்து செல்லுமளவே குடையப்படும் குறுகிய நிலக்கரிச் சுரங்கங்கள்) நம் கவனத்துக்கு வருகின்றன. அங்கிருந்து அன்றாடம் கசியும் அமில நீரைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை.

ஒரு குளிர்காலத்தில் அம்மாநிலத்தின் ஜைந்தியா மலைப்பகுதிக்குப் போயிருந்தபோது, சொட்டு நீலம் கரைத்து விட்டதுபோல் லூக்கா ஆறு ஓடுவதைப் பார்த்தேன். தண்ணீரில் ஒரு மீன்குஞ்சுகூடக் கண்ணில் படவில்லை. நிலக்கரியோடு கலந்து கிடக்கும் பைரைட் என்ற இரும்புக் கந்தகத் தாது, காற்றும் நீரும் பட்டால் கந்தக அமிலத்தைத் தருகிறது; மெதுவாக நடக்க வேண்டிய இவ்வினையைப் பன்மடங்கு விரைவுபடுத்தும் பாக்டீரியா 1947-லேயே சுரங்க நீரில் கண்டறியப்பட்டுவிட்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014-ல் எலிவளைச் சுரங்கங்களுக்கு விதித்த தடை அந்தப் பாக்டீரியாவுக்குத் தெரியாது. கைவிடப்பட்ட குழிகளிலும் அது வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது.

இதற்கு நேர்மாறாக, காற்றுப் புகாத சேற்றில் வாழும் வேறு சில பாக்டீரியாக்கள், கந்தக அமிலத்திலுள்ள சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றி, கரைந்துள்ள உலோகங்களைக் கறுப்பு வண்டலாகப் படிய வைக்கின்றன. அப்போது உண்டாகும் பைகார்பனேட், நீரின் அமிலத்தன்மையையும் தணிக்கிறது. வேதியியல் ஆசிரியராக இருந்த காலத்தில் குளத்துச் சேறு, சாணம், வைக்கோல், துருப்பிடித்த ஆணிகள் ஆகியவற்றை ஒரு கண்ணாடி ஜாடியில் இட்டு மாணவர்களுக்கு இதைக் காட்டியிருக்கிறேன். சில வாரங்களில் சேறு கறுத்துவிடும். மூடியைத் திறந்தால் வரும் அழுகிய முட்டை நாற்றத்தில் வகுப்பே காலியாகிவிடும். நெதர்லாந்தின் பூடல் துத்தநாக ஆலை 1990-களிலேயே இத்தகைய பாக்டீரியாக்களைக் கொண்டு நிலத்தடி நீரைச் சுத்திகரிக்கத் தொடங்கிவிட்டது.

அமிலத்தை முறிக்கச் சுண்ணாம்பு கொட்டுவது உடனே பலன் தரும் என்பது உண்மைதான். ஆனால் மலையெங்கும் சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான குழிகளில் நாள்தோறும் யார் கொட்டுவது, சேரும் கசடை எங்கே போடுவது? அமிலம் கடுமையாக உள்ள இடங்களில் நீரை முதலில் சுண்ணாம்புக்கல் வழியே விட்டு, பிறகு இந்தச் சேற்றுப் பாக்டீரியாக்களுக்கு உணவாகும் சாணமும் மரத்தூளும் நிரப்பிய படுகைகளுக்குள் செலுத்தலாம். சுண்ணாம்புக்கல்லுக்கு அங்கே பஞ்சமில்லை.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு: சாணமும் மரத்தூளும் சில ஆண்டுகளில் தீர்ந்துபோகும், அமிலக் கசிவோ பல பத்தாண்டுகள் தொடரும். சுற்றுச்சூழல் மீட்புக்காக மேகாலய அரசு செலுத்த வேண்டுமென்று 2019-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட 100 கோடி ரூபாயில் ஒரு பகுதியை, இப்படுகைகளை அமைப்பதற்கும், பின்னர் அவற்றைக் கிளறிப் புதுப்பிக்கும் உள்ளூர் மக்களுக்கு ஆண்டுதோறும் கூலி வழங்குவதற்கும் தனியே ஒதுக்கிவைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
தஞ்சாவூர்.