காவிரி என்ஜினும் கோவைப் பட்டறைகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து எழும்பும் தேஜஸ் நம் நாட்டில் வடிவமைத்த போர் விமானம். அதன் என்ஜின் மட்டும் அமெரிக்காவின் எஃப்-404. அதற்குப் பதிலாக நம் சொந்த என்ஜின் வேண்டும் என்றே 1989-ல் பெங்களூரு ஆய்வகத்தில் காவிரி என்ஜின் திட்டம் தொடங்கியது. 1996-ல் முதன்முறை ஓடியது. எடை கூடியது, எதிர்பார்த்த உந்துவிசை கிடைக்கவில்லை. 2008-ல் காவிரியைத் தேஜஸ் திட்டத்திலிருந்து பிரித்துவிட்டார்கள். 2010-ல் ரஷ்யாவுக்குக் கொண்டுபோய், இல்-76 சரக்கு விமானத்தில் பொருத்திப் பறக்கவிட்டுச் சோதித்தார்கள்.

இதைத் தோல்வி என்று ஒதுக்குவது பெரிய அநியாயம். என்ஜினுக்குள் சுழலும் டர்பைன் தகடு, அது செய்யப்பட்ட உலோகமே உருகிவிடும் அளவுக்குச் சூடான வாயுவின் நடுவே சுழல வேண்டும். அதனால் ஒரே படிகமாக வார்த்து, உள்ளே காற்று ஓட நுண்துளைகள் விடுகிறார்கள். இந்த வித்தையை எந்த நாடும் எளிதில் கற்றுத்தராது. அடிப்படையில் இதுவும் வார்ப்புத் தொழில்தான். பம்ப்செட் வார்த்துப் பழகிய பீளமேடு, கணபதிப் பட்டறைகளுக்கு உலையும் அச்சும் புதிதல்ல. ராணுவத் தளவாட உற்பத்திக்கான தமிழ்நாட்டின் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் கோவையும் சேலமும் இருக்கின்றன. உயர்வெப்பக் கலப்புலோக வார்ப்புக்கான பயிற்சியும் பரிசோதனைக் கூடமும் சிறு பட்டறைகள் கட்டக்கூடிய கட்டணத்தில் இங்கே வர வேண்டும். மத்திய, மாநில அரசுகள் இதை வரும் நிதிநிலை அறிக்கைகளிலேயே அறிவிக்க வேண்டும்.

– வார்ப்புப் பட்டறைத் தொழிலாளி, கணபதி, கோவை