2024–25 ஆண்டறிக்கை: பீட்சா சுவைத் தேர்வும் சங்கத்தின் இன்றைய நிலையும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பொதுக்குழுவுக்கு வருகை தந்திருக்கும் சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான சங்க நடவடிக்கைகள் குறித்த அறிக்கையை உங்கள் முன் சமர்ப்பிக்கிறேன்.

இக்காலத்தில் செயற்குழு ஒன்பது முறை கூடியது. சுதந்திர தினத்தன்றும், நவம்பர் 1 புதுச்சேரி விடுதலை நாளன்றும் சங்க வாயிலில் கொடியேற்றப்பட்டது. பொங்கல் விழா வழக்கம்போல் நடைபெற்றது. மறைந்த மூத்த உறுப்பினர்கள் இருவருக்கு இரங்கல் தீர்மானம் நிறைவேற்றப்பட்டது.

சென்ற ஆண்டுப் பொதுக்குழுவில், பிரியாணி, பரோட்டா ஆகியவற்றை அடுத்து இந்த ஆண்டு நம் ஊர் பீட்சாக் கடைகளைச் சுவைத்து மதிப்பெண் இட வேண்டும் என்று தீர்மானிக்கப்பட்டதும், அப்பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டதும் உங்கள் நினைவில் இருக்கும். “நம் வயதில் இது எதற்கு?” என்று அன்றே சிலர் கேட்டனர். வாரந்தோறும் நம் வீட்டுப் பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும் சாப்பிடுவதற்குப் பணம் கொடுப்பவர்கள் நாம். அமெரிக்க நிறுவனங்கள் இரண்டு 1996இல் டெல்லியிலும் பெங்களூரிலும் முதல் கடைகளைத் திறந்தபோது பெருநகரத்துப் பண்டமாக இருந்த பீட்சா, இன்று நம் புதுச்சேரியில் லாஸ்பேட்டையிலும் ரெட்டியார்பாளையத்திலும் தெருமுனைக்கு வந்துவிட்டது. அதோடு, விறகடுப்பில் சுடும் கடைகளும், பக்கத்திலேயே ஆரோவில்லில் தயாராகும் சீஸும் உள்ள ஊர் நம்முடையது. இத்தனையும் கையெட்டும் தூரத்தில் இருக்கும்போது எது நல்லது, எது சுமார் என்று அறியாமல் வாங்கிக்கொண்டிருப்பது சரியல்ல என்பதே என் கருத்தாக இருந்தது, இன்றும் அதுவே.

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மாலை என்று நாள் குறித்து, மே முதல் மார்ச் வரை பத்துத் தேர்வுகளில் பதினான்கு கடைகளைப் பார்த்தோம். நவம்பர் 30 இரவு கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டி ஊரே நீரில் நின்றதால் டிசம்பர் தேர்வு மட்டும் நடைபெறவில்லை.

எந்தக் கடைக்குச் சென்றாலும் மர்கரீட்டா என்ற எளிய வகைப் பீட்சா ஒன்றையே வாங்குவது என்ற விதியை நான் வகுத்தேன். இதற்கு எழுந்த எதிர்ப்பையும் மறைக்க விரும்பவில்லை. பன்னீர் டிக்கா, சிக்கன் என்று கேட்ட உறுப்பினர்களுக்கு நான் சொன்ன பதில் ஒன்றுதான். ஓட்டலின் தரத்தை நெய் ரோஸ்ட்டில் பார்ப்பதைவிடச் சாதா தோசையில் பார்ப்பதே நியாயம். தக்காளி, மொஸரெல்லா சீஸ், துளசி இனத்தைச் சேர்ந்த பேசில் இலை ஆகியவை மட்டுமே உள்ள மர்கரீட்டாவில் மாவின் குறையை மறைக்க எதுவும் இல்லை. பீட்சாவின் தாய்வீடான இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்தார் இந்த எளிமையைக் காப்பதற்காகவே 1984இல் ஒரு சங்கம் அமைத்தார்கள். அவர்கள் முறைப்படி செய்யும் பீட்சா 35 சென்டிமீட்டர் குறுக்களவைத் தாண்டக் கூடாது; நடுப்பகுதி 4 மில்லிமீட்டர் தடிமனும், ஓரம் 1 முதல் 2 சென்டிமீட்டர் உப்பலும் இருக்க வேண்டும்; கொதிக்கும் விறகடுப்பில் 60 முதல் 90 விநாடிக்குள் வெந்து வெளியே வர வேண்டும். 2010இல் ஐரோப்பிய ஒன்றியம் அந்த மரபுக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தது. 2017இல் யுனெஸ்கோ அந்தக் கைத்தொழிலை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. மின்சார ஓவன் வைத்திருக்கும் நம் ஊர்க் கடையை அந்த அளவுகோலால் அளப்பது முறையாகாது என்பதால் அதை நாம் செய்யவில்லை. ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்பதை அதிலிருந்து கற்றுக்கொண்டு, அடிமாவுக்கு 40, சீஸுக்கு 20, தக்காளிச் சாந்துக்கு 20, சொன்ன அளவு இருக்கிறதா என்பதற்கு 10, தூய்மைக்கும் பில்லுக்கும் 10 என நூறு மதிப்பெண்ணுக்கு ஒரு தாள் தயாரித்தேன்.

அடிமாவுக்கு இவ்வளவு மதிப்பெண் ஏன் என்று கேட்டவர்கள், குயிலாப்பாளையம் சாலையில் உள்ள விறகடுப்புக் கடையில் நடந்த ஜூன் மாதத் தேர்வுக்கு வந்திருந்தால் கேட்டிருக்க மாட்டார்கள். துண்டைத் தூக்கித் திருப்பிப் பார்த்தபோது அடியில் சிறுத்தையின் தோலைப் போலக் கரும்புள்ளிகள் சீராகப் பரவியிருந்தன; ஓரத்தைப் பிய்த்தால் உள்ளே சிறிதும் பெரிதுமாகக் காற்றறைகள் தெரிந்தன; மென்றால் முதலில் மொறுமொறுப்பும் பிறகு மெல்லிய புளிப்பும் தட்டின. மே மாதத்தில் இட்லி மாவு நான்கே மணி நேரத்தில் பொங்கி வழியும் ஊர் இது. இங்கே பீட்சா மாவை வெளியில் வைத்தால் ஈஸ்ட் அவசரமாக வேலை செய்து, மாவு உப்புமே தவிர மணம் ஏறாது. அந்தக் கடையில் முந்தைய நாளே பிசைந்து, குளிர்பெட்டியில் ஒரு நாள் முழுவதும் வைத்து, மெல்ல மெல்லப் புளிக்க விடுகிறார்கள். ரெடிமேட் பேஸை வாங்கி மேலே சீஸ் தூவிச் சூடாக்கித் தரும் கடைகளில் எத்தனை டாப்பிங் போட்டாலும் இந்த ருசி வராது.

அடுத்து, இந்த ஆண்டில் மிக அதிகமான சச்சரவுக்கு உள்ளான பார்சல் விவகாரத்தைச் சற்று விரிவாகவே சொல்லியாக வேண்டும். ஜூலை முதல், தேர்வுக்கு வராத உறுப்பினர்கள் சிலர் வீட்டிற்கே வரவழைத்துச் சாப்பிட்டுவிட்டு வாட்ஸ்அப்பில் மதிப்பெண் அனுப்பத் தொடங்கினர். ஒருவர் இரவு வாங்கியதை மறுநாள் காலை தோசைக்கல்லில் சூடாக்கிச் சாப்பிட்டு, “ரப்பர் போல இருந்தது, 35” என்று அனுப்பினார். அந்த மதிப்பெண்களை நான் ஏற்காதது தன்னிச்சையான செயல் என்று செயற்குழுவில் குறை கூறப்பட்டது. ஆகவே ஆகஸ்ட் தேர்வில் ஒரு சோதனை செய்தோம். லாஸ்பேட்டையில் ஒரே கடையில், ஒரே நேரத்தில், ஒரே அளவில் இரண்டு மர்கரீட்டா வாங்கினோம். ஒன்றை அங்கேயே மேசையில் வைத்துச் சாப்பிட்டோம். மற்றதை அட்டைப் பெட்டியில் மூடி, தெருவைச் சுற்றிவந்து, 25 நிமிடம் கழித்துச் சங்க அறையில் திறந்தோம். கடையில் தட்டுக்கு வந்தபோது 84 டிகிரி காட்டிய வெப்பமானி, பெட்டியைத் திறந்தபோது 53 டிகிரி காட்டியது. மூடியின் உட்புறம் முழுவதும் நீர்த்துளிகள் கோத்திருந்தன. சீஸின் ஒரு பகுதி மூடியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. தூக்கிய துண்டு நமத்துப்போன அப்பளம் போல நுனியில் தொங்கியது. அதே ஒன்பது பேர் கடையில் சாப்பிட்டதற்குச் சராசரியாக 76 மதிப்பெண்ணும், பெட்டியிலிருந்து எடுத்துச் சாப்பிட்டதற்கு 54 மதிப்பெண்ணும் அளித்தனர். ஒரே கை, ஒரே மாவு, ஒரே அடுப்பு. வேறுபாடு 25 நிமிட நீராவி. இதன் பிறகே மதிப்பெண் ஏட்டில் ‘கடையில்’, ‘பார்சல்’ என இரண்டு பத்திகள் பிரிக்கப்பட்டன. உழைத்துச் சுடுகிற ஒரு கடைக்காரரின் பெயருக்கு எதிரே மறுநாள் காலைப் பீட்சாவின் மதிப்பெண்ணை எழுத என் மனம் ஒப்பவில்லை. அதில் என் முடிவு சரியானது என்றே இன்றும் கருதுகிறேன். பெட்டியின் பக்கவாட்டுத் துளைகளை வீடு வரும்வரை திறந்து வைக்குமாறும், பெட்டியைச் சாய்க்காமல் கொண்டுவருமாறும் உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

அளவு பற்றி ஒரு செய்தி. வட்டத்தின் குறுக்களவு சற்றே கூடினாலும் பரப்பு வெகுவாகக் கூடும் என்பதைப் பள்ளியில் படித்தும் நாம் கடையில் மறந்துவிடுகிறோம். 7 அங்குல பீட்சா இரண்டு சேர்ந்தால் 77 சதுர அங்குலம்; 10 அங்குல பீட்சா ஒன்றே 78 சதுர அங்குலத்துக்கும் சற்று அதிகம்; 12 அங்குலமோ 113. ‘இரண்டு வாங்கினால் லாபம்’ என்ற சலுகைகளை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தே வாங்க வேண்டும். ஒரு கடையில் 10 அங்குலம் என்று கொடுத்தது அளவுநாடாவில் ஒன்பதேகால் அங்குலமே இருந்தது. முக்கால் அங்குலம்தானே என்று தோன்றலாம். ஆனால் பரப்பில் ஏறக்குறைய 14 விழுக்காடு குறைவு. மாவை 10 அங்குலத்துக்கு விரித்தாலும் ஓவனில் சுருங்கிவிடுகிறது என்று உரிமையாளர் விளக்கினார். நாம் காட்டிய கணக்கைப் பொறுமையாகக் கேட்டு, அடுத்த மாதமே விலைப்பலகையில் 9 அங்குலம் என்று திருத்தினார். இந்த ஆண்டு முழுவதிலும் எனக்கு மிகுந்த நிறைவளித்த நிகழ்ச்சி அதுவே.

பால் கொழுப்புக்குப் பதிலாகத் தாவர எண்ணெய் சேர்த்த அனலாக் சீஸ் சந்தையில் மலிவாகக் கிடைப்பதால், எந்தக் கடை அதைப் பயன்படுத்துகிறது என்று பெயர் சொல்லி எழுத வேண்டும் என உறுப்பினர்கள் சிலர் வற்புறுத்தினர். நாக்கை மட்டும் நம்பி ஒருவரது பிழைப்பின் மீது அப்படிப்பட்ட குற்றச்சாட்டை எழுத இச்சங்கத்திற்கு உரிமையில்லை என்று மறுத்துவிட்டேன். பில்லில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா என்பதை மட்டும் ஒவ்வொரு கடையிலும் பார்த்தோம்.

ஆண்டு முடிவில், மேற்சொன்ன குயிலாப்பாளையம் சாலைக் கடை 84 மதிப்பெண்ணுடன் முதலிடத்திலும், முத்தியால்பேட்டையில் கணவனும் மனைவியுமாகச் சிறிய மின்சார ஓவனை வைத்து நடத்தும் கடை 79 மதிப்பெண்ணுடன் இரண்டாம் இடத்திலும் உள்ளன. முதலிடம் பெற்ற கடைக்கு ஜனவரியில் மீண்டும் சென்றபோது, புயல் மழையில் நனைந்த சவுக்கு விறகின் புகை சீஸில் ஏறியிருந்தது. அன்றைய மதிப்பெண்ணைத் தனியே குறித்திருக்கிறேன். பல கடைகளில் பொதுவாகக் கண்ட குறை, தக்காளிச் சாந்து கெச்சப்பைப் போல இனிப்பாக இருப்பதும், அதை ஈடுகட்ட ஒரிகானோ பொட்டலங்களை அள்ளிக் கொடுப்பதும் ஆகும். பிற கடைகளின் பெயரும் மதிப்பெண்ணும் அடங்கிய ஏடு சங்க அறையில் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளது.

வருகை பற்றிச் சொல்ல வருத்தமாக உள்ளது. 41 உறுப்பினர்கள் கொண்ட சங்கத்தில் ஒரு தேர்வுக்குச் சராசரியாக வந்தவர்கள் பதினொருவர். அக்டோபர் தேர்வுக்கு இருபது பேர் கையெழுத்திட்டிருந்தனர். அந்த எண்ணிக்கையை நம்பி, முத்தியால்பேட்டைக் கடைக்காரர் எட்டு மாவு உருண்டைகளைக் குளிர்பெட்டியிலிருந்து மாலை நான்கு மணிக்கே எடுத்து ஈரத்துணி போட்டு வைத்திருந்தார். வந்தவர்கள் ஏழு பேர். மூன்று பீட்சா போதுமானதாக இருந்தது. எட்டரை மணிக்கு நாங்கள் கிளம்பும்போது மீதி ஐந்து உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டும் அளவுக்குத் தட்டில் பரந்து கிடந்தன. அவர் ஒன்றை விரலால் அழுத்திக் காட்டினார். அழுத்திய பள்ளம் மேலெழவில்லை. “இனி விரிச்சா கிழிஞ்சிடும் சார்” என்று மட்டும் சொன்னார். அவருடைய மனைவி அவற்றை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டதை நின்று பார்த்தவர்களுள் நானும் ஒருவன். எட்டு பீட்சாவுக்கும் உரிய தொகையை அவர் வாங்க மறுத்தும் கொடுத்துவிட்டு வந்தேன். அந்தத் தொகை சங்கக் கணக்கில் சேர்க்கப்படவில்லை. அதைத் திரும்பக் கேட்கும் எண்ணமும் எனக்கு இல்லை.

வரவு செலவைப் பொறுத்தவரை, இரண்டும் ஏறக்குறைய சமமாகவே உள்ளன. சிறு தொகை கையிருப்பில் உள்ளது. விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. ஆண்டுச் சந்தா 1,200 ரூபாயை 23 பேர் முழுமையாகவும், 7 பேர் பாதியாகவும் செலுத்தியுள்ளனர். 11 பேர் இன்னும் செலுத்தவில்லை. அந்தப் பதினொருவரில் நால்வர் ஒரு தேர்வையும் தவறவிடாமல் வந்தவர்கள் என்பதால் அவர்களைக் கடிந்துகொள்ள மனமில்லை; ஆயினும் தட்டில் வந்த துண்டு மற்றவர் சந்தாவில் வந்தது என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். மின்னணுத் தராசும் வெப்பமானியும் வீண்செலவு என்ற பேச்சு என் காதுக்கும் எட்டியது. இரண்டும் சேர்ந்து இரண்டாயிரம் ரூபாய்க்கு உட்பட்டவை. ஆகஸ்ட் சோதனையே அவற்றின் பயனுக்குச் சான்று.

வழிகாட்டிய தலைவருக்கும், பொருளாளருக்கும், செயற்குழுவினருக்கும், ஞாயிறு மாலைகளில் இடம் ஒதுக்கித் தந்த கடை உரிமையாளர்களுக்கும், இரவில் உறுப்பினர்களை வீட்டில் கொண்டுபோய் விட்ட இளைஞர்களுக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி தெரிவித்துக்கொள்கிறேன்.

வரும் ஆண்டில் வில்லியனூர், அரியாங்குப்பம் பக்கம் உள்ள கடைகளையும் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம். ஆனால் கடைக்கு முன்கூட்டிச் சொல்வது, அளப்பது, எடை போடுவது, தாள்களைத் திரட்டிக் கூட்டுவது ஆகிய நான்கையும் ஒருவரே செய்யும் நிலை இனியும் தொடர்ந்தால், பத்துத் தேர்வுகள் ஐந்தாகக் குறையும் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் முழங்கால் வலி பற்றி உங்களுக்குத் தெரியும். இருசக்கர வாகனம் ஓட்டக்கூடிய உறுப்பினர் இருவர் முன்வந்தால் ஏட்டையும் தராசையும் இன்றே ஒப்படைத்து, ஓராண்டு உடனிருந்து பழக்கித் தரவும் நான் தயாராக இருக்கிறேன். யாரும் முன்வராவிட்டால் ஏடு என்னிடமே இருக்கும்.

அடுத்த தேர்வு மே மாத இரண்டாம் ஞாயிறு மாலை ஆறரை மணிக்கு, முத்தியால்பேட்டைக் கடையில். மாவு சனிக்கிழமை பிசையப்படுவதால், வருவோர் வியாழக்கிழமை இரவுக்குள் பெயர் கொடுக்க வேண்டும். கொடுத்த பெயர்களின் எண்ணிக்கைக்கே உருண்டை பிடிக்குமாறு கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்